ஒரு தவறுக்கு ஆயுள் முழுவதும் தண்டனையா?

அமெரிக்கப் படைகளிலிருந்து வெளியேறும் வீரருக்கு 'டிடி-214' என்னும் சான்றிதழ் வழங்கப்படுகிறது. பணிக்காலம், பெற்ற பதக்கங்கள் ஆகியவற்றுடன் அவர் எவ்வகையில் விடுவிக்கப்பட்டார் என்பதும் அதில் இடம்பெறும். வேலை, கல்வி உதவி, மருத்துவச் சிகிச்சை என அவருடைய பிற்கால வாழ்வில் பலவற்றை அந்த ஒரு குறிப்பே தீர்மானிக்கிறது.

விடுவிப்பில் ஐந்து முக்கிய வகைகள் உண்டு. கண்ணியமான விடுவிப்பு, பொது விடுவிப்பு, கண்ணியக் குறைவான விடுவிப்பு ஆகிய மூன்றும் நிர்வாக நடவடிக்கைகள். தீயொழுக்க விடுவிப்பும் இழிவான விடுவிப்பும் ராணுவ நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் அளிக்கப்படுபவை. முதல் வகையிலிருந்து ஒரு படி இறங்கிப் பொது விடுவிப்பு பெற்றாலே கல்வி உதவித் திட்டம் கைநழுவிவிடும். அதற்கும் கீழே சென்றால், முன்னாள் படைவீரர் நலத் துறையின் சிகிச்சையும் இழப்பீடும்கூட மறுக்கப்படலாம்.

ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டவர் அந்தக் கறையைச் சுமந்தே வாழ்ந்து முடிக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே அந்நாட்டுச் சட்டத்தின் நிலைப்பாடு. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் விடுவிப்பு மறுஆய்வு வாரியங்களுக்கும், 1946-ஆம் ஆண்டுச் சட்டம் ராணுவ ஆவணத் திருத்த வாரியங்களுக்கும் வழிவகுத்தன. விடுவிக்கப்பட்ட 15 ஆண்டுகளுக்குள் முதல் வாரியத்தை அணுகலாம். ஆனால், உயர்நிலை ராணுவ நீதிமன்றம் விதித்த விடுவிப்பை அதனால் மாற்ற இயலாது. அத்தகைய வழக்குகளும் காலம் கடந்தவையும் திருத்த வாரியத்துக்குச் செல்ல வேண்டும். பிழை தெரியவந்த 3 ஆண்டுகளுக்குள் என்பது அங்குள்ள வரம்பு. நீதியின் நலன் கருதி அதைத் தளர்த்தலாம்.

ஆறு மாதங்கள் கழிந்தால் விடுவிப்பின் தரம் தானாகவே உயர்ந்துவிடும் என்றொரு நம்பிக்கை படைவீரர்களிடையே நெடுங்காலமாக உலவுகிறது. அது உண்மையன்று. விண்ணப்பித்து, ஆதாரம் காட்டினால் மட்டுமே மாற்றம் வரும். படைத்துறை முறையாகவே நடந்துகொண்டது என்னும் அனுமானத்தை முறியடிக்கும் பொறுப்பும் விண்ணப்பதாரருடையதே.

இங்குதான் சிக்கல் எழுகிறது. ஒழுங்கீனத்துக்குக் காரணமே மனக்காயமாக இருந்தால் என்ன செய்வது? வியத்நாம் போர் 1975-இல் முடிந்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றது 1980-இல்தான். பெயரே இல்லாத நோய்க்கு அன்றைய வீரர் எந்தச் சான்றிதழைக் காட்டியிருக்க முடியும்?

இந்த அநீதியை உணர்ந்தே 2014-இல் பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல், இத்தகைய விண்ணப்பங்களைத் தாராள மனத்துடன் பரிசீலிக்குமாறு வாரியங்களுக்கு உத்தரவிட்டார். மூளைக்காயத்துக்கும் பாலியல் வன்முறையின் பாதிப்புக்கும் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அச்சலுகையைத் தெளிவுபடுத்தியது. பாதிப்பு இருந்ததா, அது பணிக்காலத்தில் நேர்ந்ததா, தவறின் கடுமையை அது குறைக்கிறதா, விடுவிப்புக்கான காரணத்தைவிட அது கனமானதா என்னும் நான்கு கேள்விகளை வாரியம் எழுப்ப வேண்டும்.

இது சிலருடைய பிரச்னையன்று. 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்ட 91,764 பேரில் 62 சதவீதத்தினருக்கு, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் மனஉளைச்சல் நோயோ, மூளைக்காயமோ, ஒழுங்கீனத்துடன் தொடர்புடையதாகக் கருதத்தக்க வேறு பாதிப்போ கண்டறியப்பட்டிருந்தது என்று அரசின் தணிக்கை அமைப்பு 2017-இல் தெரிவித்தது. நோய் இருந்ததாலேயே தவறு நிகழ்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால், அக்கேள்வியைக் கேட்காமல் ஒருவரை வெளியேற்றுவது நியாயமாகாது.

தவறு செய்தவருக்குச் சலுகை காட்டினால் படையின் கட்டுப்பாடு குலையும் என்பார்கள். கட்டுப்பாடின்றிப் படை இல்லை என்பது உண்மையே. ஆனால், தரத்தை உயர்த்துவது தவறே நிகழவில்லை என்று சொல்வதாகாது. திட்டமிட்டுச் செய்த குற்றத்தை மனநோய் பொதுவாக நியாயப்படுத்தாது என்று வழிகாட்டுதலே கூறுகிறது. கண்ணியமான விடுவிப்புக்கு அப்பழுக்கற்ற பணி தேவையில்லை என்றும் அதுவே சொல்கிறது.

தாமதமான நீதி எத்தகையது என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் நிகழ்வு சான்று. அங்கு 1906-இல் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்காக, கருப்பின வீரர்கள் 167 பேரை விசாரணை நீதிமன்றம் ஏதுமின்றி அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெளியேற்றினார். 1972-இல்தான் ராணுவம் அவர்களுக்குக் கண்ணியமான விடுவிப்பு அளித்தது. அதற்குள் அவர்களில் மிகப் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர்.

மறுஆய்வுக்கு வழி இருந்தால் மட்டும் போதாது. வீட்டையும் வேலையையும் இழந்த ஒருவர், பல ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவக் குறிப்பைத் தனியாகத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஆவணங்களைத் திரட்டித் தருவதும், சட்ட உதவி கிடைக்கச் செய்வதும், விரைந்து முடிவெடுப்பதும் அரசின் கடமை. போருக்கு அனுப்பிய நாடு, அந்தப் போர் ஏற்படுத்திய காயத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். இது கருணை அல்ல, கணக்குத் தீர்த்தல்.