ஒரே பாடஞ்சாராச் செயல்பாடும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையும்

விளையாட்டு, இசை, நாடகம், விவாதம், சமூகப்பணி, பகுதிநேர வேலை என வகுப்புப் பாடத்துக்கு வெளியே மாணவர் ஈடுபடுபவை பாடஞ்சாராச் செயல்பாடுகள் எனப்படும். இந்தியாவில் பெரும்பாலான கல்லூரி இடங்கள் மதிப்பெண் அல்லது நுழைவுத்தேர்வுத் தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன. அமெரிக்காவில் கடும் போட்டியுள்ள கல்லூரிகள் பல, மதிப்பெண்ணுடன் இச்செயல்பாடுகளையும் எடைபோடுகின்றன. ஆகவே அங்கு விண்ணப்பிப்போரிடம் ஒரு கேள்வி எழுகிறது: பலவற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுபடுவதா, ஒன்றிலேயே ஆழ்ந்துவிடுவதா? ஒன்றில் ஆழ்ந்திருப்பது குறையாகாது. பெரும்பாலும் வலுச் சேர்க்கும். ஆனால் அது மதிப்பெண்ணுக்கு ஈடாகாது. எல்லாக் கல்லூரிகளிலும் எடுபடவும் செய்யாது.

தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவை பெரிதும் தேர்வு முடிவை வைத்தே மாணவரைச் சேர்த்தன. தேர்வில் சிறந்து விளங்கிய யூத மாணவரின் எண்ணிக்கை உயர்ந்தபோது, அதைக் கட்டுப்படுத்தும் நோக்கில் 1920களில் குணநலன், தலைமைப்பண்பு, விளையாட்டு போன்ற அளவுகோல்கள் புகுத்தப்பட்டன. சமூகவியலாளர் ஜெரோம் காரபெல் 2005இல் வெளியிட்ட 'தி சோசன்' என்னும் நூல் இவ்வரலாற்றை விரிவாகக் கூறுகிறது. அந்த நோக்கம் மறைந்தபின்னும், மாணவரை முழுமையாகப் பார்க்கும் முறை நிலைத்துவிட்டது.

விண்ணப்பப் படிவத்தில் இதன் இடம்

பல கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் அப்ளிகேஷன்' 1975இல் தொடங்கியது. அதில் 10 செயல்பாடுகள் வரை குறிப்பிடலாம். ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த வகுப்புகளில் ஈடுபட்டார், வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்னும் விவரங்களைத் தரவேண்டும். விளக்கத்துக்கு 150 எழுத்துக்குறிகளே இடம்.

எடுத்துக்காட்டாக, வாரம் 12 மணி வீதம் ஆண்டுக்கு 40 வாரம் வயலின் பயில்பவர் நான்கு ஆண்டில் 1,920 மணி செலவிட்டிருப்பார். எட்டு மன்றங்களில் வாரம் ஒரு மணி வீதம் பத்து வாரம் கலந்துகொண்டவரின் கணக்கு 80 மணிதான். எட்டு வரிகள் நிரம்பினாலும் எது உழைப்பு என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

எம்.ஐ.டி. தனது விண்ணப்பத்தில் நான்கு செயல்பாடுகளை மட்டுமே கேட்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் தரும் எட்டு வினாக்களில் மாணவர் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் விடை எழுதவேண்டும். அவற்றில் ஒன்று, தன் சிறந்த திறமையைக் காலப்போக்கில் எப்படி வளர்த்துக்கொண்டார் என்பது. ஒன்றிலேயே ஆழ்ந்தவருக்கு இங்கு எழுதுவதற்கு நிறையவே இருக்கும்.

மதிப்பிடும் முறை

ஹார்வர்டின் சேர்க்கை முறைக்கு எதிரான வழக்கின் விசாரணை 2018இல் நடந்தபோது, அதன் மதிப்பீட்டு முறை வெளிச்சத்துக்கு வந்தது. பாடஞ்சாராச் செயல்பாட்டுக்கு 1 முதல் 6 வரை எண் தரப்படுகிறது. தேசிய அளவிலான அரிய சாதனைக்கு 1. பள்ளி அல்லது வட்டார அளவில் வலுவான பங்களிப்புக்கு 2. சிறப்பில்லாத, ஆனால் முறையான பங்கேற்புக்கு 3. முதல் இரண்டும் 'ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட துறைகளில்' என்றே வரையறுக்கப்பட்டுள்ளன. அதாவது ஒரு துறை போதும். குடும்பப் பொறுப்பாலோ வேலையாலோ மன்றங்களில் சேர இயலாதவருக்குத் தனி எண் உண்டு. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும், கடையில் வேலை செய்வதும் செயல்பாடுகளே. காமன் அப்ளிகேஷனிலும் இவற்றுக்குத் தனி வகை உள்ளது.

எடுபடாத இடங்கள்

டெக்சஸில் 1997இல் இயற்றப்பட்ட சட்டப்படி, பள்ளி வகுப்பில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வருவோர் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் பெறுகின்றனர். ஆஸ்டின் வளாகத்தில் மட்டும் வரம்பு இதைவிடக் கடுமையானது. இவ்வழியில் இடம் பெறச் செயல்பாடுகள் தேவையில்லை. சமுதாயக் கல்லூரிகள் பொதுவாக உயர்நிலைப் பள்ளி முடித்த அனைவரையும் சேர்த்துக்கொள்கின்றன. போட்டி மிகுந்த கல்லூரிகளிலும் மதிப்பெண்ணும் எடுத்த பாடங்களின் கடினமுமே முதலில் பார்க்கப்படுகின்றன. பயிற்சிக்காகப் பாடத்தைக் கைவிட்டால், அந்த ஈடுபாடே பாதகமாகிவிடும்.

குறைகள்

வாள்வீச்சு, பாய்மரப் படகோட்டம் போன்றவற்றில் தேர்ச்சி பெறப் பணம் வேண்டும். ஆகவே 'ஆழ்ந்த ஈடுபாடு' சில வேளைகளில் குடும்ப வசதியின் அளவாகவும் ஆகிவிடுகிறது. 2019இல் அம்பலமான சேர்க்கை மோசடியில், விளையாடாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டிப் பயிற்சியாளர்களுக்குக் கையூட்டு தரப்பட்டது. ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் ஒரு திட்டம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, இரண்டு மூன்று செயல்பாடுகளுக்கு மேல் எழுதவேண்டும் என்னும் அழுத்தம் மாணவருக்கு இருக்கக்கூடாது எனப் பரிந்துரைத்தது.

மாணவர் கவனிக்க வேண்டியவை

ஒரே செயல்பாடு என்றால் ஒரே வரி என்று பொருளல்ல. வயலின் பயில்பவர் கச்சேரியில் வாசிக்கலாம், சிறுவர்க்குக் கற்பிக்கலாம், முதியோர் இல்லத்தில் இசைக்கலாம், பழைய கருவிகளைப் பழுதுபார்க்கவும் கற்கலாம். வேர் ஒன்றானாலும் கிளைகள் பல. பெற்ற பரிசுகளுடன், எதைக் கற்றார், யாருக்குப் பயன்பட்டார் என்பதையும் எழுதவேண்டும். மணிக்கணக்கைக் கூட்டிச் சொல்லக்கூடாது. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தோடு அது முரண்படக்கூடும்.

மிகத் திறமையான மாணவர் பலருக்கும் இக்கல்லூரிகளில் இடம் கிடைப்பதில்லை. சேர்க்கைக்காக மட்டும் ஒன்றைப் பற்றிக்கொண்டவருக்கு, இடம் கிடைக்காதபோது நான்காண்டு உழைப்பும் வீணாகத் தோன்றும். விருப்பத்தால் பயின்றவரிடம் அந்தத் திறமை எஞ்சியிருக்கும். எதில் ஆழ்வது என்று தேர்ந்தெடுக்கும்போது, 'கல்லூரி கிடைக்காவிட்டாலும் இதைத் தொடர்வேனா?' என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.