திதி வெண்பாவும் முப்பத்தோராம் நாளும்

யாழ்ப்பாணத்திலே கல்வெட்டு என்றவுடன் எவரும் கோயிற் சுவரை நினைப்பதில்லை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்து, வந்தவர்கள் உணவருந்தி எழும்போது கையிலே கொடுக்கப்படும் சிறு நூலுக்கே இங்கு அப்பெயர். படித்தோர் அதனைச் சரமகவி என்றும் வழங்குவர். வீரனுடைய பெயரையும் சிறப்பையும் பொறித்து நடுகல் நாட்டிய பழைய வழக்கம் கடதாசியிலே தொடர்கின்றது என்று கொள்ளலாம்.

கிரியை குருக்களுடையது. அதில் இறந்தவரின் பெயர் மாறுமேயன்றி மந்திரம் மாறுவதில்லை. கல்வெட்டோ அந்த வீட்டாருடையது. தமது துயரத்துக்கு அவர்கள் தாமே அமைத்துக்கொள்ளும் சடங்கு அது. விநாயகர் துதி, ஊர்ச் சிறப்பு, குடி வரலாறு, கல்வி, தொழில், மணம், மக்கட்பேறு என்று பாட்டுகள் நடந்து, பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று விரியும். குரல் வளமுள்ள ஒருவர் அதனை இராகத்தோடு வாசிப்பார். ஒரு மாதமாக அடக்கிவைத்த அழுகை அப்போது வெளிப்படும்.

இவற்றுள் நுட்பமானது திதி வெண்பா. வெண்பாவின் நான்கு அடிகளிலும் உள்ளவை பதினைந்தே சீர்கள். அதற்குள் ஆண்டு, மாதம், வளர்பிறையோ தேய்பிறையோ, திதி, இறந்தவர் பெயர், அவர் இறைவனடி சேர்ந்த செய்தி யாவும் அடங்க வேண்டும், தளையும் தட்டக்கூடாது. பிரசோற்பத்தி ஆண்டில் (1991) இறந்தவருக்கு வெண்பா எழுத நேர்ந்த புலவர் எதுகைக்கு எவ்வளவு அலைந்திருப்பாரோ! ஆனால் இது வெறும் வித்தையன்று. ஆண்டுதோறும் திவசம் செய்ய வேண்டிய பிள்ளைக்குத் திதியை மறவாமற் சொல்லிக்கொடுக்கும் நினைவுக் கருவி இது.

பிற்காலத்தில் கல்வெட்டு நினைவு மலராயிற்று. தேவாரத் தொகுப்பு, படங்கள், வம்சாவளி ஆகியன சேர்ந்தன; நன்மையே. ஆனால் புலம்பற் பாட்டைப் பழைய மலரொன்றிலிருந்து எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் பழக்கமும் உடன் வந்தது. யாருடைய அழுகையை யார் அழுவது? இன்னொரு குறையும் உண்டு. ஆணின் கல்வெட்டிலே அவர் செய்த தொழில் இருக்கும். பெண்ணின் கல்வெட்டிலே தந்தை பெயரும் கணவன் பெயருமே பெரும்பாலும் இருக்கும். அவள் நட்ட மரமோ, பிள்ளைகளுக்குச் சொன்ன கதையோ அங்கே இடம்பெறுவதில்லை.

1995இன் பேரிடப்பெயர்வில் வீடுகளோடு இம்மலர்களும் பல அழிந்தன. தப்பியவற்றிற் பலவற்றை, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் இன்று வாசிக்கலாம். ஊர் வரலாறு எழுதுவோருக்கு அவை பெருந்துணை.

ஆயினும் போர் இந்த வடிவத்துக்கு வேறொரு சோதனையையும் வைத்தது. காணாமற்போனவருக்குத் திதி ஏது? திதி இல்லையேல் வெண்பா இல்லை. முப்பத்தோராம் நாளும் இல்லை. தந்தையருக்கு ஆடி அமாவாசையிலும் தாயருக்குச் சித்திரா பௌர்ணமியிலும் விரதமிருக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் அது இறந்தவர்க்கு உரியது. மகன் இறந்தான் என்பதையே ஏற்காத தாய் அதனை எவ்வாறு செய்வாள்? மலர் அச்சிடுவோமா என்று அவளிடம் கேட்பதே கொடுமை.

கல்வெட்டின் முதற்பாதிக்கு இந்தத் தடையில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஊர், குடி, கல்வி, பழகிய நண்பர்கள், விரும்பிய உணவு ஆகியவற்றை எழுதத் திதி வேண்டியதில்லை. பாட்டாக இருக்க வேண்டுமென்றும் இல்லை. ஒரு கொப்பியில், தாய் சொல்லச் சொல்ல வீட்டுப் பிள்ளையொன்று எழுதலாம். இறந்த திதி தெரியாவிட்டாலும் பிறந்த நாள் அவளுக்குத் தெரியும். அன்று மாலை விளக்கேற்றி, வீட்டார் இருந்து அதனை வாசிக்கலாம். திதி வெண்பாவுக்குரிய பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும்.