படமும் பாடமும்

பனிமலையில் தனியே அலையும் இளம்பெண் ஒருத்தி, முதியவர் ஒருவரின் குடிலில் தன் கதையைச் சொல்கிறாள். சிறகில் காயம்பட்ட டிராகன் குட்டி ஒன்றை அவள் எடுத்து வளர்த்தாள். காயம் ஆறி அது பறக்கத் தொடங்கிய வேளையில், பெரிய டிராகன் ஒன்று அதைத் தூக்கிச் சென்றுவிட்டது. குட்டியைத் தேடிப் புறப்பட்டவள், இறுதியில் ஒரு குகையில் பெரிய டிராகன் ஒன்றைக் கொல்கிறாள். அதன் சிறகில் பழைய தழும்பு தெரிகிறது. அவள் தேடி வந்ததும் அதைத்தான். தன் பிம்பத்தைக் கண்ட பிறகே, தனக்கும் வயதாகிவிட்டதை அவள் அறிகிறாள்.

'சின்டெல்' என்னும் இந்த அசைவூட்டக் குறும்படம் 2010-இல் நெதர்லாந்தில் உருவானது. இயக்கியவர் காலின் லெவி. ஓடும் நேரம் ஏறத்தாழ 15 நிமிடங்கள்.

படம் முடிந்ததும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஓடிய காலத்தை அவள் ஏன் உணரவில்லை? அதை நாமும் உணராதவாறு இயக்குநர் எப்படி மறைத்தார்? முதல் கேள்விக்கான விடையை மனித மனத்தில்தான் தேட வேண்டும். இரண்டாவதற்கான விடையைத் தேட, இப்படத்தின் கோப்புகளையே திறந்து பார்க்கலாம். பாத்திரத்தின் உருவமைப்பு, ஒளி விழும் திசை, கேமராவின் இடம் என ஒவ்வொன்றையும் ஆராயலாம், மாற்றியும் பார்க்கலாம். உருவாக்கியோரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதே முதன்மையான நிபந்தனை.

இதைச் சாத்தியமாக்கியது 'பிளெண்டர்' என்னும் கட்டற்ற மென்பொருள். அதை வைத்திருந்த நிறுவனம் 2002-இல் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டான் ரூசெண்டால் பொதுமக்களிடம் நிதி கோரினார். ஏழே வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரண்டது. அந்தத் தொகையைக் கொண்டு மென்பொருள் மீட்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் குறித்துக் குழப்பும். தமிழில் அக்குழப்பம் இல்லை. விலையின்றிக் கிடைப்பது இலவசம். பயன்படுத்தவும், பிரித்துப் பார்க்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தருவது கட்டற்றது. 'சின்டெல்' செலவின்றி உருவான படமன்று. டிவிடிக்கு முன்கூட்டியே பணம் கட்டிய ஆர்வலர்களும் அதன் செலவில் பங்கேற்றனர். தாம் கொடுத்த பணத்தின் பயன் முன்பின் அறியாதவர்களுக்கும் சேரட்டும் என்று அவர்கள் இசைந்தனர்.

கருவி எளிதில் கிடைப்பதால் மட்டும் நல்ல கதை பிறந்துவிடாது என்பது உண்மையே. ஆனால், கதை உள்ளவருக்குக் கருவி தடையாக இருக்கக் கூடாது. பிளெண்டரில் உருவான லாட்வியத் திரைப்படமான 'ஃப்ளோ', 2025-இல் சிறந்த அசைவூட்டத் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றது இதற்குச் சான்று.

விலையுயர்ந்த மென்பொருளை வாங்க இயலாமல் திருட்டுப் பிரதியில் பழகும் மாணவர், தொழில் கற்கும்போதே குற்ற உணர்வையும் சுமக்கிறார். அந்தச் சுமை தேவையற்றது. திரைக்கலை கற்பிக்கும் கல்லூரிகள் இத்தகைய படங்களைத் திரையிட்டு விவாதிப்பதுடன் நின்றுவிடாமல், அவற்றின் ஒரு காட்சியையாவது மாணவர்கள் தாங்களே பிரித்து, மீண்டும் அமைத்துப் பார்க்க வழிசெய்ய வேண்டும்.