காத்திருக்க வைக்காத சி பிளஸ் பிளஸ்

உள்ளங்கையை வானம் பார்க்க விரித்தால், நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் மியூவான் துகள்கள் அதைத் துளைத்துக்கொண்டு போகும். மலேசியாவின் உலு யாம் செம்பனைத் தோட்டத்தில் நின்றாலும் மதுரைத் தெருவில் நின்றாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். மதுரையில் இவற்றைப் பிடிக்கவே 85 டன் காந்த இரும்பை அடுக்கிய கருவி ஒன்று இருக்கிறது. பெயர் மினி ஐகால். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்து மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ பெருங்கருவிக்கு அது முன்மாதிரி.

துகள் போன தடத்தைக் கருவி பதிவுசெய்துவிடும். கேள்விகள் அதற்குப் பிறகுதான். எந்தக் கோணத்தில் வருபவை அதிகம்? சாய்வாக வந்தவற்றை விலக்கினால் வரைபடம் எப்படி மாறும்? ஒரு விடை அடுத்த கேள்வியைக் கிளப்பும். குவிந்து கிடக்கும் பதிவுகளை அலச வேகம் வேண்டும் என்பதால் சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரல் எழுதுகிறார்கள். சிக்கல் அங்கேதான். எழுதியதைக் கம்பைலரிடம் கொடுத்து, முழுவதையும் இயந்திரக் கட்டளைகளாக மாற்றிய பிறகே ஓட்ட முடியும். ஓர் எண்ணைத் திருத்தினாலும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். நிரல் பெரிதென்றால் நிமிடக்கணக்கில் காத்திருப்பு; அதற்குள் கேள்வியின் சூடு ஆறிவிடும். எளிய மொழியில் சோதித்துவிட்டுப் பிறகு மாற்றி எழுதலாமே என்றால், ஒரே வேலை இரண்டு தடவை. மாற்றும்போது பிழையும் புகும்.

ஜப்பானில் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தில் இருந்த மசஹாரு கோட்டோ, 1990களின் தொடக்கத்தில் சின்ட் என்ற இன்டர்பிரட்டரை எழுதினார். சி, சி பிளஸ் பிளஸ் வரிகளைப் படிக்கப் படிக்க நிறைவேற்றும் மென்பொருள் அது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ரெனே புருனும் ஃபோன்ஸ் ராட்மேக்கர்ஸும் 1995இல் தொடங்கிய ரூட் மென்பொருள் அதைச் சேர்த்துக்கொண்டது. 2012இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது உலகம் பார்த்த வரைபடங்கள் ரூட்டில் வரைந்தவை. மதுரைக் கருவியின் பதிவுகளை அலசவும் அதே ரூட்தான்.

சின்டுக்கு மொழியின் எல்லா இலக்கணமும் பிடிபடவில்லை. 2014இல் வந்த ரூட் 6, அதன் இடத்தில் கிளிங் என்ற இன்டர்பிரட்டரை வைத்தது. என்னை மலைக்க வைப்பது இதன் வேலைதான். கிளிங் தனக்குள் முழுக் கம்பைலரையே வைத்திருக்கிறது. சி பிளஸ் பிளஸ் விதிப்படி, செயலைச் சொல்லும் வரி ஒரு ஃபங்ஷனுக்குள் இருந்தாக வேண்டும். தனியே நிற்க முடியாது. நீங்கள் ஒற்றை வரியைத் தட்டி என்டர் அழுத்தியதும், கிளிங் தானே ஒரு ஃபங்ஷனை உண்டாக்கி வரியை அதற்குள் வைக்கிறது. அந்தத் துண்டை மட்டும் நினைவகத்திலேயே கம்பைல் செய்து ஓட்டிவிடுகிறது. ஃபங்ஷன் முடிந்தால் அதற்குள் பிறந்த மாறிகளும் மறைந்துவிடுமே? அதனால் மாறிகளின் அறிவிப்பைப் பிரித்தெடுத்து வெளியே வைக்கிறது. அடுத்த வரிக்கு அவை கைக்கெட்டும்.

விடை சரியாக வந்துவிட்டதா? வரிகளைச் சேமித்த கோப்பை ஓட்டும்போது, அதன் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி சேர்த்தால், ரூட் அதை முறைப்படி கம்பைல் செய்து முழு வேகத்தில் ஓட்டும். ஒழுங்காக எழுதிய கோப்பில் ஓர் எழுத்தும் மாற வேண்டாம். வரிவரியாக ஓடுவதா, முழுதாகக் கம்பைல் ஆகி ஓடுவதா என்பது மொழியின் பிறவிக்குணம் அல்ல, கருவியைச் செய்தவர்களின் முடிவு. மொழியின் ஆபத்துகள் மட்டும் அப்படியே இருக்கும்: நினைவகத்தில் தவறான இடத்தைத் தொட்டால் அதுவரை செய்த வேலையோடு எல்லாம் நின்றுபோகலாம். அடிக்கடி சேமிப்பது நல்லது.

எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பின் 2021இல் வெளியான 13ஆம் பதிப்பில், கிளிங்கின் இதே நுட்பம் கிளாங் ரெப்ல் என்ற பெயரில் இடம்பெற்றது. ரூட்டும் அதுவும் இலவசம். சி பிளஸ் பிளஸ் கற்கும் மாணவர், துகள் இயற்பியலின் பக்கமே போகாதவராக இருந்தாலும், ஒரு வரியை எழுதி அதன் விடையை உடனே பார்க்கலாம்.