பட்டியல் போட்ட வாசகர்கள்

சென்ற வாரம் எரிக் நைலண்டு என்பவர், ‘ஹேலோ’ என்ற வீடியோ கேம் 2001-ஆம் ஆண்டு விற்பனைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பாகவே, தலைக்கவசத்தைக் கழற்றாத அதன் நாயகனுக்கு ஒரு பால்யத்தையும் ஒரு துயரத்தையும் கற்பித்து நாவல் எழுதிய வரலாற்றைச் சொன்னேன். நைலண்டு பாக்கியசாலி, மனை காலியாக இருந்தபோது அவர் வீடு கட்டினார். இந்த வாரத்துக்குரிய வில்லியம் டீட்ஸ் என்ற அமெரிக்க நாவலாசிரியரோ, ஜனங்கள் ஏற்கெனவே குடியேறி, மூலைமுடுக்கெல்லாம் பழகிப்போன வீட்டில் சுவர் எழுப்ப அழைக்கப்பட்டவர். அதுவும் ஒரு முறையல்ல, பல முறை. அவற்றில் இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது 2003-இல். ‘ஹேலோ: தி ஃப்ளட்’ என்ற அந்த நாவல், ஆட்டத்தில் நடக்கும் கதையையே ஆதியோடந்தமாகத் திருப்பிச் சொல்வது. நாயகன் எந்த வழியே நுழைந்து, எந்தக் கதவைத் திறந்து, எத்தனை பகைவரைச் சுட்டு வீழ்த்தினான் என்பதையெல்லாம் டீட்ஸ் சிரத்தையோடு எழுதியிருந்தார். அந்த வழிகளிலேயே இராப்பகலாக நடந்து, அதே கதவுகளைத் தம் விரலாலேயே திறந்திருந்த வாசகர்களுக்கு இது எப்படி ருசிக்கும்? ‘நாங்கள் செய்ததையே எங்களிடம் சொல்ல ஒரு புத்தகமா?’ என்பது அவர்களில் பலருடைய அபிப்பிராயம். ஆனால் அவர்களே மனமாரப் பாராட்டிய பகுதிகளும் அதில் உண்டு. ஒட்டுண்ணி போன்ற ஒரு ஜந்து உடலைக் கைப்பற்றிய பிறகும் தன் பிரக்ஞையை முற்றிலும் இழக்காமல், தன் கைகால்கள் பிறர் வசமாகி இயங்குவதை உள்ளேயிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும் ஜென்கின்ஸ் என்ற சிப்பாயின் அத்தியாயங்களும், எதிரிப் படையில் எல்லோராலும் விரட்டப்படும் யாயாப் என்ற பயந்தாங்கொள்ளியின் கதையும் அத்தகையவை. கன்ட்ரோலரைக் கையில் பிடித்தவன் ஒருபோதும் புகமுடியாத மனங்கள் அவை. ஆட்டம் எங்கே நின்றதோ, அங்கேதான் வாசகர்களுக்கு நாவல் தொடங்கியது.

மற்றது 2012 ஜனவரியின் கடைசி நாளில். கனடாவின் பயோவேர் நிறுவனம் செய்த ‘மாஸ் எஃபெக்ட்’ ஆட்டங்களை ஒட்டி அதற்குமுன் மூன்று நாவல்கள் வந்திருந்தன. மூன்றையும் எழுதியவர், முதல் ஆட்டத்தின் கதைக்குத் தலைமை எழுத்தாளராயிருந்த ட்ரூ கார்பிஷின். அவர் தம் சொந்தத் தோட்டத்தில் உலாவுகிறவர். வரப்பு எங்கே, கிணறு எங்கே என்று அவருக்கு யாரும் காட்டவேண்டியதில்லை. நான்காவது நாவலாகிய ‘டிசெப்ஷன்’ டீட்ஸிடம் வந்தது. அந்த ஆட்டங்களின் நாயகராகிய ஷெப்பர்டு ஆணா பெண்ணா, தயாளரா கொடியவரா என்பதை ஆடுகிறவரே தீர்மானிப்பதால், நாவல்கள் அவரைத் தொடாமல் ஒதுங்கிச் சென்று, பக்கத்துப் பாத்திரங்களைக் கொண்டே நடந்தன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாயகர் ஆளுக்கொருவராக மாறுகிற உலகத்தில், எல்லா வாசகருக்கும் பொதுச்சொத்தாக நிலைத்து நின்றவர்கள் இந்தப் பக்கத்துப் பாத்திரங்கள்தாம்.

புத்தகம் வெளியான சில நாட்களுக்குள் வாசகர்கள் பலர் ஒன்றுகூடி, அதிலுள்ள பிழைகளை வகைப்படுத்தி, பக்கம் பக்கமாக ஒரு ஜாபிதா தயாரித்துவிட்டார்கள். அதைப் படிக்கிறவருக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். கற்பனைத் துப்பாக்கிகளும் கற்பனை இனங்களின் பழக்கவழக்கங்களும் தவறாக வர்ணிக்கப்பட்டுவிட்டன என்று, சொத்து வழக்கில் பத்திரம் தாக்கல் செய்கிற தீவிரத்தோடு வாதாடுவதைக் கண்டால் யாருக்குத்தான் வராது? துப்பாக்கி விஷயத்தில் நானும் ஆசிரியர் பக்கமே நிற்பேன். அது எந்த விதமாகச் சுட்டாலும் கதை கெட்டுப்போவதில்லை.

ஆனால் அதே ஜாபிதாவில், துப்பாக்கிகளுக்கு இணையான ஒரு வரியாக, கில்லியன் கிரேசன் என்ற பெண்ணைப் பற்றிய குற்றச்சாட்டும் இருந்தது. கார்பிஷினின் இரண்டாம் நாவலில் அவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி, ஆட்டிசம் உள்ளவள், பிறர் தொட்டால் துணுக்குறுகிறவள், அபூர்வ சக்தி படைத்தவள். அந்தச் சக்தியைப் பெருக்குவதற்காக, பெற்ற தகப்பனே ஒரு இரகசியக் கூட்டத்தின் ஏவலால் அவளுக்கு மருந்து கொடுத்து வந்ததும், அவளைக் காக்க ஹெண்டல் மித்ரா என்ற காவல் அதிகாரி தம் உத்தியோகத்தையும் ஊரையும் துறந்து அவளோடு ஒரு அந்நியக் கப்பலில் போனதும் அந்த நூலின் இதயம். டீட்ஸின் நாவலிலோ, கதைக்கணக்குப்படி மூன்று ஆண்டுகளே கழிந்திருக்க, கில்லியன் பதினெட்டு வயது யுவதியாய்த் தகப்பன் சாவுக்குப் பழிவாங்கக் கிளம்பிவிடுகிறாள். ஆட்டிசம் இருந்த சுவடே தெரியவில்லை. ஆண்களையே விரும்புகிறவர் என்று முன் நூலில் அறியப்பட்ட ஹெண்டல், இங்கே பெண்கள்மேல் கண்வைக்கிறவராக வருகிறார்.

இதைக் கணக்குப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கதாகாலட்சேபத்தில் பாகவதர் ஒரு ஊரின் பெயரை மாற்றிச் சொன்னால் சபையில் முணுமுணுப்புத்தான் எழும். பரதனைப் பேராசைக்காரனாக்கிவிட்டால் கிழவிகள் எழுந்து போய்விடுவார்கள். தம்மைப்போல் ஒரு குழந்தையை, அல்லது தம் வீட்டுக் குழந்தையைப்போல் ஒன்றை, விண்வெளிக் கதையொன்றில் அபூர்வமாகக் கண்டெடுத்த வாசகருக்கு, மூன்றே ஆண்டில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் ‘குணமாகி’விட்டது எவ்வளவு உறுத்தியிருக்கும்! அந்த வேதனைக்கு ஜாபிதா தகுந்த வடிவமல்ல. வரிசை எண் போட்டவுடன் பெரியதும் சிறியதும் ஒரே உயரமாகிவிடுகின்றன. எதிர்த்தரப்பார் சிறியதைக் காட்டிப் பெரியதையும் நகைத்துத் தள்ளிவிட ஏதுவாகிறது.

ஆனால் அம்முறை யாரும் நகைத்துத் தள்ளவில்லை. பதிப்பாளராகிய டெல் ரேயும் பயோவேரும் சேர்ந்து, பிழைகளுக்காக வாசகர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, இனிவரும் பதிப்புகளில் திருத்தங்கள் செய்யப்படும் என்று அறிவித்தார்கள். பழி முழுவதையும் ஆசிரியர் தலையில் மட்டும் கட்டாமல், வாசலில் காவல் நின்றிருக்க வேண்டியவர்களும் தலை குனிந்தது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த மாதமே, மார்ச் 6 அன்று, மூன்றாவது ஆட்டம் வெளிவந்தது. அதன் முடிவு பிடிக்காமல் எழுந்த கோபத்தின் முன்னே நாவலைப் பற்றிய கோபம் குத்துவிளக்கின் முன் மின்மினியாகிப்போயிற்று. அந்தக் கோபத்துக்கும் நிறுவனம் இணங்கி, ஜூன் 26 அன்று விரிவாக்கப்பட்ட முடிவொன்றை இலவசமாக வழங்கியது. ஆட்டம் வைத்திருந்தவர்கள் இறக்கிக்கொண்டார்கள். ஜனவரியில் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை அப்படி யாரும் வந்து திருத்திவிட்டுப் போகமுடியாது. அலமாரியிலிருக்கும் அந்தப் பிரதிகளில் கில்லியனுக்கு இன்றைக்கும் பதினெட்டு வயதுதான்.

(தொடரும்)