சிறு பட்ஜெட் விளையாட்டுப் படங்கள் எங்கே தோற்கின்றன?

காதல் கதையையோ குடும்பக் கதையையோ குறைந்த செலவில் படமாக்கினால், பணம் குறைந்தது திரையில் அவ்வளவாகத் தெரியாது. ஒரு வீடு, ஒரு தெரு, நாலைந்து நல்ல நடிகர்கள் இருந்தால் சமாளித்துவிடலாம். விளையாட்டுப் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் உச்சக்காட்சி ஏறக்குறைய எப்போதுமே ஒரு போட்டி. போட்டி என்றால் மைதானம் வேண்டும், இரண்டு அணிகள் வேண்டும், நடுவர், கூட்டம், ஸ்கோர் போர்டு எல்லாம் வேண்டும். இவற்றோடு, படம் பார்ப்பவருக்கு அந்த ஆட்டம் ஏற்கெனவே தெரியும். தொலைக்காட்சியில் உலகத் தரமான ஆட்டத்தைப் பல கோணங்களில் பார்த்துப் பழகிய கண், திரையில் நடக்கும் போலியை உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

பணம் குறைவாக உள்ள விளையாட்டுப் படங்களில் மீண்டும் மீண்டும் தென்படும் குறைகள் இரண்டு வகை. முதல் வகை, உண்மையிலேயே பணம் இல்லாததால் வருவது. இரண்டாம் வகை, பணத்தின் மேல் பழி போடப்பட்டாலும் உண்மையில் எழுத்தில் பிறப்பது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான், ஒரே அளவு செலவில் எடுத்த படங்களில் சில ஜெயிப்பதும் பல தோற்பதும் ஏன் என்று புரியும்.

ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் கணக்கு

எந்த விளையாட்டைப் படமாக்குவது என்பதிலேயே பாதிச் செலவு முடிவாகிவிடுகிறது. குத்துச்சண்டையில் ஒரு வளையம், இரண்டு பேர், ஒரு நடுவர். சுற்றிலும் இருட்டாக்கிவிட்டால் காலி நாற்காலிகள் தெரியாது. கபடியில் பக்கத்துக்கு ஏழு பேர். ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஊர்த் திடல் ஒன்றில் அதை அமைத்துவிடலாம். கால்பந்தில் 22 பேர் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். சர்வதேச கிரிக்கெட்டில் ஆடுகளத்தின் நடுவிலிருந்து பவுண்டரிக் கோடு ஏறக்குறைய 60 முதல் 80 மீட்டர் தூரத்தில் இருக்கும். அந்தப் பரப்பை அகலமான ஷாட்டில் காட்டினால் பின்னால் இருக்கும் காலரியும் தெரியும். காலரி தெரிந்தால் கூட்டமும் தெரிய வேண்டும். சிறு முதலீட்டில் சர்வதேச கிரிக்கெட் போட்டியை உச்சக்காட்சியாக வைப்பவர், தன்னால் கொடுக்க முடியாத ஒன்றை ரசிகருக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார்.

கூட்டம் பெரிய படங்களுக்கே தலைவலிதான். 2003-இல் வந்த ‘சீபிஸ்கட்’ என்ற ஹாலிவுட் குதிரைப் பந்தயப் படத்தில், பார்வையாளர் இருக்கைகளை நிரப்பக் காற்று ஊதிய பொம்மைகளையும் பயன்படுத்தினார்கள். சிறிய படத்தில் அதற்கும் வழியில்லை. இருநூறு துணை நடிகர்களை ஒரு மூலையில் உட்காரவைத்து, சட்டையை மாற்றி, இடத்தை மாற்றி மறுபடி மறுபடி காட்டுகிறார்கள். ஒலியில் ஐம்பதாயிரம் பேர் கத்துகிறார்கள். படத்தில் ஐம்பது பேர் கை தட்டுகிறார்கள். காதும் கண்ணும் இப்படி வேறு வேறு சேதி சொல்லும்போது ரசிகர் படத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறார்.

ஆடத் தெரியாத வீரர்

கூட்டத்தைவிடப் பெரிய சிக்கல் நடிகரின் உடல். பந்து வீசும் கை எங்கே மடங்குகிறது, மட்டை எந்தப் பக்கம் திரும்புகிறது, கபடியில் ‘பாடி’ப் போகிறவர் எந்தக் காலில் எடையை வைக்கிறார் என்பவை மாதக்கணக்கில் பழகினால்தான் உடம்பில் ஏறும். சிறிய படத்தில் கதாநாயகருக்குப் பயிற்சி கொடுக்கும் நாட்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். கதாநாயகர் எப்படியோ பழகிவிட்டாலும், அணியின் மற்ற வீரர்களும் எதிரணியினரும் அன்றைய கால்ஷீட்டுக்கு வந்து போகிறவர்கள். அதனால் கதாநாயகர் ஆடுகிறார். மற்றவர்கள் அவர் ஆடுவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்வழி, ஆடத் தெரிந்தவரை நடிக்கவைப்பது. சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ (2016) அப்படித்தான் செய்தது. அதன் நாயகி ரித்திகா சிங் நிஜமாகவே தற்காப்புக் கலைப் போட்டிகளில் மோதியவர். அவர் குத்து விடும்போது தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்புவதை ஒளிக்கத் தேவையில்லாததால், கேமரா தயங்காமல் முழு உருவத்தையும் காட்ட முடிந்தது. அந்தப் படத்துக்காக அவருக்குத் தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. ஒரே கதை இந்தியிலும் ‘சாலா கடூஸ்’ என்று சேர்த்தே எடுக்கப்பட்டது. இரண்டு சந்தைகள் கிடைக்கும்போது பயிற்சிக்குச் செலவிட்ட காலமும் வீணாவதில்லை.

ஆடத் தெரியாதபோது இயக்குநர்கள் பிடிக்கும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பந்து வீசுகிறவரின் முகம் ஒரு க்ளோஸ்-அப், மட்டையில் பந்து படுவது ஒரு க்ளோஸ்-அப், வானத்தில் பறக்கும் பந்து ஒன்று, வாயைப் பிளக்கும் பயிற்சியாளர் ஒன்று. வீசியவர், அடித்தவர், பந்து மூன்றும் ஒரே ஷாட்டில் சேர்ந்து வருவதே இல்லை. கணினியில் வரைந்து சேர்த்த பந்து எடையில்லாமல் மிதக்கிறது. இரண்டு பந்துக்கு ஒருமுறை ஸ்லோமோஷன். நிஜ ஆட்டத்தின் விறுவிறுப்பு அதன் வேகத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் மெதுவாக்கினால் எதுவுமே முக்கியமாகத் தெரிவதில்லை.

ஒரே ஆட்டம், பல நாள் வெயில்

திரையில் இருபது நிமிடம் ஓடும் போட்டியைப் படமாக்கப் பல நாட்கள் ஆகும். காலையில் எடுத்த ஷாட்டில் நிழல் நீளமாக விழும். உச்சிப்பொழுதில் காலடியில் சுருங்கும். ஒருநாள் மேகம், மறுநாள் சுள்ளென்று வெயில். வீரரின் சட்டையில் முதலில் இருந்த சேறு அடுத்த ஷாட்டில் காணாமல் போகும். நாட்களைக் குறைத்தால் ஒரு காட்சியைப் பல கோணங்களில் எடுக்க நேரமிருக்காது. எடுத்த கொஞ்சத்தை வைத்துத்தான் எடிட்டர் ஆட்டத்தைக் கட்ட வேண்டும்.

எடிட்டிங் இந்த வகைப் படத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆஸ்கார் விருதுகளே சாட்சி. குத்துச்சண்டைப் படங்களான ‘ராக்கி’ (1976), ‘ரேஜிங் புல்’ (1980) இரண்டுமே சிறந்த எடிட்டிங்குக்கான விருதைப் பெற்றவை. யார் எங்கே நிற்கிறார், யார் முன்னிலையில் இருக்கிறார், அடுத்து என்ன ஆபத்து என்ற மூன்றும் ரசிகருக்கு ஒவ்வொரு கணமும் விளங்க வேண்டும். அவசரத்தில் எடுத்த படத்தில் இந்த மூன்றுமே குழம்பிப்போகின்றன.

குழப்பத்தை மூட வர்ணனையாளரைக் கூப்பிடுகிறார்கள். ‘இன்னும் ஆறு பந்தில் பதினெட்டு ரன் தேவை, களத்தில் கடைசி ஜோடி’ என்று அவர் விளக்கம் சொல்கிறார். படம் காட்ட வேண்டியதைக் குரல் சொல்லிவிடுகிறது. அதிலும் கணக்கு இடிக்கும். வர்ணனையாளர் ஒன்று சொல்ல, ஸ்கோர் போர்டு வேறொன்றைக் காட்டும். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான் என்ற விதியை மறந்து, பாடிப் போனவர் எதிரணியைச் சுற்றிவந்து பழைய ஞாபகங்களில் மூழ்கி எழுவார். விதிகளைச் சரிபார்க்கக் கோடிகள் தேவையில்லை. அந்த ஆட்டத்தை ஆடிய ஒருவரைப் படப்பிடிப்பில் கூடவே வைத்துக்கொண்டால் போதும். குறை, பணத்திலிருந்து எழுத்துக்கும் கவனத்துக்கும் நகர்வது இந்த இடத்தில்தான்.

தாளில் தொடங்கும் தோல்வி

பெரும்பாலான சிறு பட்ஜெட் விளையாட்டுப் படங்களின் கதை ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். ஏழை வீட்டுப் பிள்ளை, தோற்றுப்போன பழைய வீரர் ஒருவர் பயிற்சியாளராக, லஞ்சம் வாங்கும் தேர்வுக்குழு, நோயில் விழும் அப்பா அல்லது அம்மா, ஒரு காதல் பாட்டு, இடைவேளையில் ஓர் அவமானம், ஒரு பயிற்சிப் பாட்டு, கடைசிப் பந்தில் வெற்றி. இந்தச் சட்டகம் தன்னளவில் பிழையானதில்லை. நல்ல படங்களும் இதைப் பயன்படுத்தியிருக்கின்றன. வெற்றி தோல்வியைத் தவிர அந்தப் போட்டியில் வேறெதுவும் பணயம் இல்லாதபோதுதான் இது சலித்துப்போகிறது. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தை ரசிகர் ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு எழுதியவரிடம் பதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது எழுத்துக் குறை, எதிராளி. முறைப்பதும் காலை வாரிவிடுவதும் தவிர அவருக்கு வேலையே இல்லை. வலிமையும் நியாயமும் உள்ள எதிராளிதான் கதாநாயகரை உயர்த்துகிறார். தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’ (2024) இதை அழகாகச் செய்தது. ‘அட்டகத்தி’ தினேஷும் ஹரிஷ் கல்யாணும் உள்ளூர் ரப்பர் பந்து கிரிக்கெட்டில் ஒருவருக்கொருவர் எதிரிகள். பெண் கேட்டு வரும்போது மாமனார், மருமகன். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால், யார் ஜெயித்தாலும் ரசிகருக்கு ஒரு வருத்தம் மிஞ்சுகிறது.

மூன்றாவது, அணி. பதினொரு பேர் ஆடினாலும் கதையில் நினைவில் நிற்பது இரண்டு பேரின் பெயர்கள்தான். பெண்கள் ஹாக்கி அணியைப் பற்றிய ‘சக் தே! இந்தியா’ (2007) பெரிய நிறுவனத்தின் படம்தான். என்றாலும் அது 16 பெண்களில் பலரை ஊர், மொழி, கோபம் என்று பிரித்து அடையாளம் காட்டியதற்குப் பணம் காரணமில்லை. ஆளுக்கு இரண்டு நல்ல வசனம் எழுதியதே காரணம்.

குறையைக் கதையாக்கியவர்கள்

‘ராக்கி’ சுமார் பத்து லட்சம் டாலரில், 28 நாட்களில் எடுத்து முடிக்கப்பட்டது. பனிச்சறுக்குத் தளத்தில் காதலர்கள் சந்திக்கும் காட்சிக்குத் துணை நடிகர்கள் கூட்டத்தை அமர்த்தப் பணமில்லை. அந்தத் தளம் மூடும் நேரம், அங்கிருக்கும் ஊழியருக்குக் கொஞ்சம் காசு கொடுத்து இருவரும் உள்ளே போகிறார்கள் என்று காட்சி மாறியது. காலியான தளமே அவர்களுக்குத் தனிமையைக் கொடுத்தது. நாயகனின் அங்கி அளவு பெரிதாகத் தைத்து வந்தபோதும் அதை மறைக்கவில்லை. அதைப் பற்றிப் படத்திலேயே ஒரு வசனம் வந்தது. கடைசிச் சண்டையில் ராக்கி தோற்கிறார். பதினைந்து சுற்றும் தாக்குப்பிடித்து நின்றோம் என்பதே அவருக்கு வெற்றி. அந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்காரையும் பெற்றது.

நாகேஷ் குக்குனூரின் ‘இக்பால்’ (2005), காது கேளாத, வாய் பேசாத ஒரு கிராமத்துப் பையன் வேகப்பந்து வீச்சாளராவதைச் சொல்லும் இந்திப் படம். பயிற்சிக்கு ஆள் இல்லாத இடத்தில் எருமைகளே பீல்டர்களாக நிற்கின்றன. சிரிப்பும் வறுமையும் ஒரே காட்சியில் வந்துவிடுகின்றன. பெரும்பகுதிக் கதை வயல்வெளியில் நடப்பதால் மைதானத்தின் செலவும் மிச்சம்.

தமிழில் வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’ (2007) இன்னும் தெளிவான முன்மாதிரி. புதுமுகங்கள் நிறைந்த அந்தப் படம், ஏரியாப் பையன்களின் தெரு கிரிக்கெட்டைக் கதையாக எடுத்துக்கொண்டது. தெரு ஆட்டத்துக்குக் காலரி கிடையாது. ஆட்டம் கொஞ்சம் சொதப்பினாலும் தெரு ஆட்டம் அப்படித்தான் இருக்கும். சுசீந்திரனின் முதல் படமான ‘வெண்ணிலா கபடிகுழு’ (2009) கிராமத்து அணி ஒன்றின் கபடியைச் சொன்னது. திருவிழாவும் பரோட்டா சாப்பிடும் போட்டியும் கதையைச் சுமந்தன. போட்டியின் முடிவில் கொண்டாட்டத்துக்குப் பதில் நாயகனின் மரணம் வந்தது. இரண்டு படங்களும் கையில் இருந்த பணத்துக்கு ஏற்ற விளையாட்டையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தன.

ஆக, கூட்டமில்லாத காலரியையும் தடுமாறும் வெளிச்சத்தையும் பணக்குறை என்று மன்னிக்கலாம். தப்பான ஸ்கோர், சாரமில்லாத எதிராளி, முகமில்லாத அணி, எதையும் பணயம் வைக்காத கடைசி ஓவர் ஆகியவற்றுக்கு அந்த மன்னிப்பு பொருந்தாது. அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு, படப்பிடிப்புக்கு முன்னால் எழுத்து மேசையில் கூடுதலாகச் சில மாதங்கள். சிறு முதலீட்டில் விளையாட்டுப் படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் ஒதுக்க வேண்டிய பட்ஜெட் அதுதான்.