மாட்டுக் காசநோய்: நோயெதிர்ப்பாற்றலிடமிருந்து தப்பும் நுண்ணுயிரியும் அதனைக் காட்டிக்கொடுக்கும் புரதமும்

பொத்தேரியும் அதனையடுத்த காட்டாங்குளத்தூரும் புறநகராக மாறிய பின்னரும் அப்பகுதியில் கறவை மாடுகள் மறைந்துவிடவில்லை. அண்மையிலுள்ள காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இச்சூழலில் மாட்டுக் காசநோய் ஏட்டளவிலான பொருளன்று. இந்தியாவில் ஏறத்தாழ 2.18 கோடி மாடுகள் இந்நோய்த்தொற்றுடன் இருக்கக்கூடும் என 2018ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்று மதிப்பிட்டது.

இந்நோய்க்கு மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்னும் நுண்ணுயிரியே காரணம் என்பது நெடுங்காலக் கருத்து. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பெறப்பட்ட 940 மனித மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில் போவிஸ் ஒன்றுகூட இல்லை; ஏழில் மைக்கோபாக்டீரியம் ஓரிஜிஸ் இருந்தது. சென்னைப் பகுதி மாடுகளிலும் புள்ளிமான், வெளிமான் ஆகியவற்றிலும் ஓரிஜிஸ் கண்டறியப்பட்டது. இரண்டும் காசநோய்த் தொகுதியைச் சேர்ந்த நெருங்கிய உறவினங்களே.

நுரையீரலை அடையும் நுண்ணுயிரியைப் பெருவிழுங்கணு விழுங்குகிறது. விழுங்கப்பட்டதைத் தாங்கிய பை, லைசோசோமுடன் இணைந்து அமிலத்தால் அதனைச் சிதைக்க வேண்டும். இங்குதான் நுண்ணுயிரி குறுக்கிடுகிறது. அது சுரக்கும் சாப்-எம் என்னும் நொதி, பையின் சவ்விலுள்ள பாஸ்பேட் அடையாளத்தை நீக்கி இணைப்பைத் தடுக்கிறது. பிடிபி-ஏ என்னும் மற்றொரு நொதி, அமிலமேற்றும் புரோட்டான் ஏற்றியைப் பையை அணுகவிடுவதில்லை. எனவே கொல்லும் அறையாக வேண்டிய பை, உறைவிடமாகிவிடுகிறது. அடுத்து இஎஸ்எக்ஸ்-1 என்னும் சுரப்பமைப்பு, ஈசாட்-6, சிஎஃப்பி-10 ஆகிய புரதங்களை வெளியேற்றுகிறது. பையின் சவ்வு சிதைவதற்கு இவ்வமைப்பு இன்றியமையாதது. பெருவிழுங்கணு ஒழுங்காக மடியாமல் வெடித்து அழிவதால் தொற்று அண்டை அணுக்களுக்குப் பரவுகிறது.

மாட்டுக்குரிய தனிக்கூறு ஒன்றும் உண்டு. கன்றுகளின் குருதியில் காமா-டெல்டா வகை டி அணுக்கள் மனிதரைவிடப் பன்மடங்கு மிகுதி. தொற்றிடத்திற்கு அவை விரைந்து வந்தும், நோய் நிணநீர்க் கணுக்களில் பாலாடைக்கட்டி போன்ற கட்டிகளுக்குள் ஆண்டுக்கணக்கில் ஒடுங்கியிருக்கிறது. நோய் முற்றிய மாட்டில் டி அணுக்களின் வினை தளர்ந்து, தோற்சோதனை ‘நோயில்லை’ எனக் காட்டுவதும் உண்டு. மிகுதியாக நோய் பரப்பும் மாடே சோதனையில் தேறிவிடுவது பண்ணையாளருக்குப் பெருங்கேடு.

தொற்றுள்ள மாடுகளை அகற்றும் மேனாட்டு முறை இந்தியாவில் இயலாதது. ஆகவே பிசிஜி தடுப்பூசி பற்றிய சிந்தனை வலுப்பெறுகிறது. ஆயின் பிசிஜி இடப்பட்ட மாடு, வழக்கமான டியூபர்குலின் சோதனையில் தொற்றுற்றது போலவே தோன்றும். பிசிஜியில் ஈசாட்-6, சிஎஃப்பி-10 மரபணுக்கள் இல்லை. நுண்ணுயிரி தப்புவதற்குப் பயன்படுத்தும் அதே புரதங்களைக் கொண்டு தோற்சோதனை செய்தால், தொற்றுற்ற மாட்டின் தோல் மட்டுமே தடிக்கும். 2019இல் விளக்கப்பட்ட புதிய சோதனை இவ்விரண்டுடன் மூன்றாவதாக ஒரு புரதத்தையும் சேர்த்துக்கொண்டது.

தடுப்பூசியின் பயனோ இடத்துக்கு இடம் மாறலாம். எத்தியோப்பிய மாடுகளில் பிசிஜி தொற்றுப் பரவலைக் கணிசமாகக் குறைத்தது 2024இல் வெளியாயிற்று. ஆனால் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய மனிதருக்கான பெருஞ்சோதனையில், பிசிஜி நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களுடன் முன்னரே ஏற்பட்ட தொடர்பு அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. அதே மண்ணில் மேயும் கன்றுகளுக்கு இவ்வையம் பொருந்துமா என்பதைக் களச்சோதனையே காட்ட முடியும்.